பரேல் நடைபாதையும் பதினான்கு பிஸ்கட் பாக்கெட்டும்

மும்பை பரேலுக்குப் புற்றுநோய் சிகிச்சைக்கு வந்து, ஆஸ்பத்திரி நடைபாதையில் தங்குகிறவர்களுக்குப் பன்னிரண்டு வருடமாகத் துணைக்குப் போகிறேன். தொண்டு பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றேன். கேட்டுவிட்டீர்கள்.

மாட்டுங்கா வாசகி: பசித்தவருக்குச் சோறு போட, துன்பத்தைப் பற்றி ஆராய்ச்சி எதற்கு?

பசிக்கு வேண்டாம்தான். 1867-இல் வடலூரில் வள்ளலார் மூட்டிய தருமசாலை அடுப்பு சாதி, மதம் கேட்காமல் இன்றும் எரிகிறது. ஆனால் பரேல் நடைபாதையில் ஒரு சேலத்து அம்மா இருந்தார். வாயில் அறுவை, மூக்கில் குழாய். பக்கத்தில் பதினான்கு பிஸ்கட் பாக்கெட். எச்சில்கூட விழுங்க முடியாதவருக்கு! அதில் இரண்டு நான் கொடுத்தவை. நாலாவது நாள் ஒரு கல்லூரிப் பெண்தான் “என்னம்மா வேணும்?” என்று நோட்டை நீட்டினாள். அவர் எழுதியது ஒரே வார்த்தை: மிக்சி. கஞ்சியை மைய அரைத்து வடிகட்டினால்தான் குழாயில் இறங்கும். நடைபாதையில் பிளக் ஏது? தாராவி 90 அடி சாலையில் ஒரு வீட்டில் காலையும் மாலையும் அரைத்துக் கொடுத்தார்கள்.

செம்பூர்: பழைய துணி எங்கே கொடுக்கலாம்?

வாங்கும் இடத்துக்கு முதலில் போன் செய்யுங்கள். துவைத்துக் கொடுங்கள்.

முலுண்ட் அன்பர்: கண்ணில் பட்டவருக்கு உருகுவது நம் திருப்திக்கு. ஒரு ரூபாய்க்கு எத்தனை பேருக்குப் பலன் என்று பார்ப்பதே நேர்மை. தூரம் ஒரு சாக்கு அல்ல என்று தத்துவவாதி பீட்டர் சிங்கர் 1972-லேயே எழுதிவிட்டார்.

தூரம் சாக்கு இல்லை, ஒப்புக்கொள்கிறேன். கணக்கும் வேண்டும். கணக்கில் எதை எழுதுவது என்று யார் சொல்வது? வலி 0 முதல் 10 வரை எவ்வளவு என்று கேட்போம். எண்ணைச் சொல்வது நோயாளி. ஒருவர் நாலு மணிக்கொரு தடவை மார்பின் என்ற கடும் வலிக்கான மருந்து எடுத்தும் 7-லேயே நின்றார். விசாரித்தால், ஊரில் மகள் நகைக்கு அடகுக் கெடு. வட்டி கட்டிய அன்று 4 என்றார். 1967-இல் லண்டனில் ஹாஸ்பிஸ் (இறுதிக்கட்ட நோயாளிகளுக்கான இல்லம்) தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் ‘முழு வலி’ என்றது இதைத்தான்: உடம்பு, மனசு, குடும்பம், நம்பிக்கை எல்லாம் சேர்ந்த வலி.

முலுண்ட் அன்பர்: ஒரு சம்பவம் ஆதாரம் ஆகாது.

சரி, எண்ணிக்கைக்கே வருகிறேன். 1985 போதைப்பொருள் சட்டத்தின் லைசென்ஸ் சிக்கலுக்குப் பயந்து பல மருத்துவமனைகள் மார்பின் வாங்கி வைப்பதையே விட்டன. 2014-இல்தான் சட்டம் திருந்தியது. வலி தணிப்பு சிகிச்சை தரும் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்கள் வலியைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள். பார்த்ததால்தான் சட்டத்தைத் திருத்தச் சொல்லி அத்தனை வருடம் விடாமல் கேட்டார்கள். பலன் நாடு முழுமைக்கும். இது உங்கள் கணக்கில் சேருமா, சேராதா?

டோம்பிவிலி: பழைய துணி…

மேலே பாருங்கள்.

சயான்: நோயாளி படம் போட்டால் நன்கொடை கூடுமே?

கூடும். போடாதீர்கள். அவர் ஊரில் கல்யாணமாகாத மகள் இருக்கலாம்.

முலுண்ட் அன்பர்: சேரும். ஆனால் அது விதிவிலக்கு.

ஞாயிறு எட்டு மணிக்கு வாருங்கள், பேசுவோம். பிஸ்கட் வேண்டாம்.

வாஷி: அப்பாவுக்கு மார்பின் எழுதியிருக்கிறார்கள். அடிமையாகிவிடுவாரோ?

புற்றுநோய் வலிக்கு டாக்டர் சொன்ன அளவில் கொடுக்கும்போது அந்தப் பயத்தில் வலியோடு விடாதீர்கள். நீங்களாக நிறுத்தவும் கூடாது. மலச்சிக்கல் வரும், அதற்கும் மருந்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

கல்யாண்: பழைய போர்வை?

போர்வையும் துணிதான்.