நாவலப்பிட்டியிலிருந்து கண்டிக்குத் தினமும் வேலைக்குப் போக கோச்சியா, காரா?

நீங்கள் கேட்டது இது: வீடு நாவலப்பிட்டி, வேலை கண்டியில், காலை எட்டரைக்குள் உள்ளே இருக்க வேண்டும், மாதம் 22 நாள் வேலை. லீசிங்கில் ஒரு சின்னக் கார் எடுப்பதா, இல்லை சீசன் டிக்கட் எடுத்து கோச்சியில், அதாவது ரயிலில், போவதா? எடுத்தால் எந்தக் கார்?

உங்கள் ஊருக்கு கோச்சிதான். இதையே ஹட்டனிலிருந்தோ தலவாக்கலையிலிருந்தோ ஒருவர் கேட்டால் பதில் மாறும். காரணம் பாதையின் ஏற்றம்.

பேராதனையிலிருந்து நாவலப்பிட்டி வரை தண்டவாளம் மகாவலிப் பள்ளத்தாக்கை ஒட்டியே வருகிறது. நாவலப்பிட்டி ஸ்டேஷன் கடல் மட்டத்திலிருந்து 583 மீட்டர். பேராதனைக்கும் அதற்கும் உள்ள உயர வித்தியாசம் நூறு மீட்டரை ஒட்டியதுதான். அதற்கு மேலேதான் உண்மையான மலையேற்றம். ஹட்டன் 1,262 மீட்டர். முப்பத்துச் சொச்சம் கிலோமீட்டருக்குள் கிட்டத்தட்ட 680 மீட்டர் ஏற வேண்டும். 44 அடிக்கு ஓர் அடி என்ற சரிவு, நூறு மீட்டர் ஆரை வரைக்கும் இறுகிய வளைவுகள், மழையில் வழுக்கும் சக்கரம், வேகமே எடுக்க முடியாது. இங்குருஓயா, கலபொட, வட்டவளைப் பக்கம் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்யும் இடங்கள். மண்ணும் கல்லும் விழுந்து பாதை அடைபடுவது அங்கேதான் அதிகம். பாதையில் உங்கள் துண்டு இந்தத் தொல்லைக்குக் கீழே முடிந்துவிடுகிறது. அதுதான் உங்களுக்குள்ள பெரிய வசதி.

ஆனால் எந்தக் கோச்சியில் ஏறுகிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். ரம்புக்கனைக்கு மேலே பாதை பெரும்பாலும் ஒற்றைத் தண்டவாளம். எதிரே வண்டி வந்தால் ஏதாவது ஸ்டேஷனில் ஒன்று ஒதுங்கி நிற்க வேண்டும். மலைக்கு மேலே போனால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்: ஸ்டேஷன் மாஸ்டர் பெரிய வளையத்தில் கட்டிய தோல் பையை டிரைவரிடம் நீட்டுவார், டிரைவர் பழைய வளையத்தைக் கொடுத்துவிட்டு அதை வாங்குவார். அந்தப் பைக்குள் இருக்கும் டெப்லட் என்ற அனுமதி வில்லை கைக்கு வராமல் வண்டி அடுத்த ஸ்டேஷனுக்கு நகராது. ஒரு வண்டி சுணங்கினால் அதற்காகக் காத்திருக்கும் வண்டியும் சுணங்கும், அதற்கு அடுத்ததும் சுணங்கும்.

ஆகவே பதுளையிலிருந்து வரும் நெடுந்தூர வண்டியை நம்பி வேலைக்குப் போகாதீர்கள். அது நாவலப்பிட்டிக்கு வருவதற்கு முன்பே நானுஓயா, ஹட்டன் எல்லாம் சேர்த்த தாமதத்தைச் சுமந்துகொண்டு வரும். காலையில் உங்கள் ஊரிலேயே புறப்படும், அல்லது பக்கத்தில் புறப்படும், உள்ளூர் வண்டியைப் பிடியுங்கள். மாலையில் கண்டியிலேயே புறப்படும் வண்டி. இரண்டுக்கும் தாமதம் குறைவு, உட்கார இடமும் கிடைக்கும். நேர அட்டவணை மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் ஸ்டேஷன் பலகையில் பாருங்கள். நாவலப்பிட்டியிலிருந்து கண்டி வரை ஒன்றேகால் மணி நேரம் என்று கணக்கு வைத்து, அதற்கு மேல் இருபது நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்படிச் சேர்த்தும் எட்டரைக்குள் போய்ச் சேரும் வண்டி ஒன்று இருந்தால்தான் இந்தப் பதில் செல்லும். ஒன்று இருந்து, அதைத் தவறவிட்டால் அடுத்தது பத்து மணிக்கு என்றால், அந்தக் காலை பஸ்தான்.

இறங்கும் இடத்தையும் யோசியுங்கள். பேராதனைச் சந்தியிலிருந்து கண்டி வரை ரோட்டில் ஆறு கிலோமீட்டர்தான். காலை ஏழிலிருந்து எட்டரை வரை கெட்டம்பே தாண்டி நகருக்குள் நுழைய அரை மணி, முக்கால் மணி சாதாரணம். பாடசாலை விடுமுறையில் மட்டும் ரோட்டு மூச்சு விடும். கோச்சி இந்த நெரிசலைத் தொடாமலே கண்டி ஸ்டேஷனுக்குள் போய் நிற்கிறது. வேலை பேராதனைப் பல்கலைக்கழகப் பக்கம் என்றால் சரசவி உயனவில் இறங்கலாம். பஸ்ஸையும் காரையும் விட கோச்சி நேரத்தில் வெல்வது இந்தக் கடைசி ஆறு கிலோமீட்டரில்தான்.

சீசன் மாதத்துக்கும் எடுக்கலாம், மூன்று மாதத்துக்கும் எடுக்கலாம். தினமும் போய்வர டிக்கட் வாங்குவதோடு ஒப்பிட்டால் மிச்சம் நன்றாகவே இருக்கும். படிவத்தை ஸ்டேஷனில் கேட்டு வாங்குங்கள். மாத ஆரம்பத்தில் வரிசை நீளும், இரண்டு நாள் முன்கூட்டியே போய் எடுப்பது நல்லது. சீசனில் எழுதியிருக்கும் இரண்டு ஸ்டேஷன்களுக்கு இடையில், எழுதியிருக்கும் வகுப்பில் மட்டும்தான் அது செல்லும். மூன்றாம் வகுப்பு சீசனை வைத்துக்கொண்டு இரண்டாம் வகுப்பில் உட்கார்ந்தால் தண்டப்பணம். ஆசனம் முன்பதிவு செய்த பெட்டிக்குள்ளும் ஏற முடியாது. அவசரத்தில் பலர் மாட்டிக்கொள்வது இதில்தான். சின்ன ஸ்டேஷன்களில் மேடை நீளம் போதாமல் கடைசிப் பெட்டிகள் மேடைக்கு வெளியே நிற்கும். உலப்பனை மாதிரி இடத்தில் ஏறி இறங்குகிறவர்கள் நடுப் பெட்டியைத் தேர்ந்தெடுத்தால் மழையில் கல்லுக்கு மேல் குதிக்க வேண்டியதில்லை.

இனிக் காருக்கு வருவோம். ரோட்டில் போக சுமார் 40 கிலோமீட்டர், வர 40. 22 நாளுக்கு 1,760 கிலோமீட்டர். கம்பளை டவுனிலும் கெலிஓயாவிலும் கண்டி வாசலிலும் ஊர்ந்து போகும் சின்னக் கார் லீட்டருக்கு 13 கிலோமீட்டர் தந்தால் மாதம் 135 லீட்டர் பெட்ரோல். லீட்டர் 300 ரூபாய் என்று வைத்தால் 40,500 ரூபாய். விலை மாறினால் 135ஐ அன்றைய விலையால் பெருக்குங்கள். ஆண்டுக்கு 21,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். 5,000க்கு ஒருமுறை ஒயில் மாற்றினால் ஆண்டுக்கு நான்கு சர்வீஸ். டயர் 40,000 தாங்கினாலும் இரண்டு வருடத்துக்குள் நான்கும் மாற்ற வேண்டும். இன்சூரன்ஸ், புகைப் பரிசோதனை, வருமான அனுமதிப்பத்திரம், கண்டிக்குள் நாள் முழுக்க நிறுத்தும் கட்டணம் எல்லாம் வேறு. லீசிங் தவணையை நான் இன்னும் சேர்க்கவேயில்லை. லீசிங்காரர் காட்டும் கணக்கில் தவணை மட்டும்தான் இருக்கும்.

மூன்று பேர் சேர்ந்து பெட்ரோலைப் பங்கு போட்டால் தலைக்கு 13,500. அப்போது கார் கொஞ்சம் நியாயமாகிறது. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: தனிப்பட்ட பாவனைக்கு என்று இன்சூரன்ஸ் எடுத்த வாகனத்தில் கூலி வாங்கி ஆள் ஏற்றினால், விபத்து நடந்த பிறகு நட்டஈடு கேட்கும்போது சிக்கல் வரும். பெட்ரோலைப் பங்கிடுவது வேறு, ஆளுக்கு இவ்வளவு என்று அறவிடுவது வேறு. அந்த அளவுக்கு ஆள் சேர்ந்தால் அதற்கென்று அனுமதியோடு ஓடும் ஸ்டாஃப் வேன் ஒன்றைப் பேசிக்கொள்வது நல்லது.

மற்றத் துண்டுகளில் இருப்பவர்களும் இதை வாசிப்பார்கள் என்பதால் சுருக்கமாக. மாத்தளையிலிருந்து, வத்தேகமவிலிருந்து கண்டிக்கு வருகிறவர்களுக்கும் நேரம் பொருந்தினால் கோச்சி நல்லது. அக்குறணை, கட்டுகஸ்தோட்டை நெரிசலில் மாட்டாமல் வரலாம். ஹட்டன், கொட்டகலையிலிருந்து நுவரெலியாவுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு ரயில் சரிவராது. நுவரெலியா டவுனுக்குள் ரயிலே இல்லை. நானுஓயாவில் இறங்கி இன்னும் ஏழெட்டுக் கிலோமீட்டர் பஸ்ஸில் ஏற வேண்டும். (முன்பு நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக ராகலைக்குக் குறும்பாதை ஒன்று ஓடியது. 1940களோடு அது போய்விட்டது.) பாடசாலையில் ஏழரைக்குக் கையொப்பம் வைத்து, வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோடு போடுவதற்குள் நிற்க வேண்டிய ஆசிரியர்களுக்கு அந்தப் பக்கம் பஸ் அல்லது மோட்டார் சைக்கிள்தான். பண்டாரவளை–பதுளைத் துண்டில் வண்டிகள் குறைவு. எல்ல என்ற ஊரைப் பார்க்க வரும் வெளிநாட்டவர் கூட்டத்தில் வாசலில்கூட நிற்க இடம் கிடைக்காத நாட்கள் உண்டு. அங்கேயும் ரோட்டுத்தான்.

அப்படி மலையில் தினமும் ஓட்டுகிறவர்கள் பிரேக்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும். றம்பொடை, கினிகத்தேனை, கடுகண்ணாவை இறக்கங்களில் பிரேக் மிதித்தபடியே வந்தால் பேட் சூடாகி, சூடு பிரேக் ஒயிலுக்கு ஏறும். புது டொட் 3 வகை பிரேக் ஒயில் 205 பாகையில் கொதிக்கும். ஈரம் இழுத்த பிறகு 140 பாகையிலேயே கொதிக்கத் தொடங்கும். கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும், பெடல் அடிவரை அமுங்கும், கார் நிற்காது. மலைநாட்டு ஈரக் காற்றுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒயிலை முழுதாக மாற்றுங்கள். வாகனத்தின் கைநூல் அனுமதித்தால் டொட் 4 ஊற்றுங்கள். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்ற பழைய லொறி டிரைவர் கணக்கு இன்றைக்கும் சரிதான். ஓட்டோ கியர் என்றால் எல் அல்லது 2, ஹைபிரிட் என்றால் B (பார்க்கிங் P இல்லை). ஹைபிரிட்காரர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: நீண்ட இறக்கத்தில் பெட்டரி நிறைந்துவிட்டால் அது மேலும் சார்ஜ் ஏற்காது. அதுவரை வேகத்தைப் பிடித்து வைத்திருந்த இழுவை திடீரென்று குறைந்ததுபோல் தெரியும், என்ஜின் சத்தம் கூடும். அது பழுதில்லை, பதறி பிரேக்கைத் தொடர்ந்து மிதிக்காதீர்கள்.

பனிமூட்டத்தில் ஹெட் லைட்டை டிம்மில் போடுங்கள். பிறைட்டில் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும். நாலு சிக்னலையும் எரியவிட்டு ஓட்டுவது இங்கே வழக்கமாகிவிட்டது. பின்னால் வருகிறவனுக்கு நீங்கள் திரும்புகிறீர்களா, நிற்கிறீர்களா என்று தெரியாது. கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படிந்தால் குளிர்கிறதே என்று ஏசியை அணைக்காதீர்கள். ஈரத்தை எடுப்பதே ஏசிதான். சூட்டையும் ஏசியையும் சேர்த்துப் போட்டு முன்கண்ணாடிக்குத் திருப்பிவிடுங்கள். ஒடுங்கிய இடத்தில் ஏறுகிற வாகனத்துக்கு இறங்குகிறவர் விட வேண்டும்.

எதை எடுத்தாலும் இரண்டாவது வழி ஒன்றை வைத்திருங்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மலைநாட்டில் ரோட்டும் தண்டவாளமும் பல இடங்களில் ஒரே நேரத்தில் அறுந்தன. ஆகவே உங்கள் துண்டில் வண்டிகள் ஒழுங்காக ஓடுவதை ஸ்டேஷனில் கேட்டுத் தெரிந்துகொள்ளும்வரை மூன்று மாத சீசன் எடுக்க வேண்டாம், மாத சீசன் போதும். வேலைநிறுத்த நாட்களில் ரயில் சீசனை இ.போ.ச. பஸ்ஸில் காட்டிப் போகலாம் என்று சில தடவை அறிவித்திருக்கிறார்கள். தனியார் பஸ்ஸில் அது செல்லாது. மழைக்காலத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிவிப்பைக் காலையில் பாருங்கள். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று படி. 24 மணி நேரத்தில் மழை 75 மில்லிமீட்டர் தாண்டினால் மஞ்சள், 100 தாண்டினால் செம்மஞ்சள், 150 தாண்டினால் சிவப்பு. செம்மஞ்சளுக்குப் போய்விட்டால் லீவு சொல்லிவிட்டு வீட்டில் இருப்பதுதான் புத்தி. காரில் போனாலும் திரும்பி வர ரோட்டு இருக்குமா என்று தெரியாது.

மாலையும் உண்டு. வேலை ஆறரை, ஏழு வரை இழுக்கும் என்றால் கண்டியிலிருந்து அதற்குப் பிறகு வண்டி உண்டா என்று பார்த்துவிட்டுத்தான் சீசன் எடுக்க வேண்டும். நாவலப்பிட்டியில் இறங்கி வீடு மேட்டுத் தோட்டப் பக்கம் என்றால், இரவில் ஆட்டோவுக்குக் கொடுக்கும் காசு மாதக் கடைசியில் சீசன் காசைத் தாண்டிவிடும். அந்த இடைவெளிக்கு ஸ்டேஷன் பக்கம் நம்பிக்கையான இடத்தில் விட்டுப் போக ஒரு பழைய ஸ்கூட்டர் போதும். லீசிங் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு மாதம் இப்படிப் போய்ப் பாருங்கள்.

அதற்குப் பிறகும் கார்தான் வேண்டும் என்றால்: நான்கு பேரோடு ஏற்றம் ஏற 660 சிசி திணறும், 1000 சிசிக்குக் குறையாமல் பாருங்கள். கெட்டம்பே நெரிசலில் தினமும் ஊர்வதால் மெனுவல் கியரில் க்ளச் ப்ளேட் சீக்கிரம் தேயும். பாதி க்ளச்சில் காரை மேட்டில் பிடித்து நிற்காமல் ஹேண்ட் பிரேக் போட்டு நிற்கப் பழகியவர் மெனுவல் வாங்கலாம், மற்றவர்களுக்கு ஓட்டோ. வாங்கும் முன் கராஜ்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு மேடான இடத்துக்குப் போய், முழு நிறுத்தத்திலிருந்து காரை எடுக்கச் சொல்லுங்கள். என்ஜின் கத்தியும் கார் மெதுவாக நகர்ந்தால் க்ளச் அல்லது கியர் பெட்டி போய்க்கொண்டிருக்கிறது. சமதரையில் ஓட்டிக் காட்டினால் இது தெரியாது.