மணி அடித்தால் வழி விட வேண்டுமா?

கேள்வி: தாம்பரம் பக்கம் குடியிருக்கிறேன். வயது 47. முழங்கால் வலிக்கு, நடப்பதைக் குறைத்துக்கொண்டு சைக்கிள் ஓட்டச் சொன்னார் டாக்டர். எட்டு மாதமாக வீட்டருகே உள்ள ஏரிக்கரைப் பாதையில் தினமும் காலையில் கியர் சைக்கிள் ஓட்டுகிறேன். போன மாதம் ஒரு வயதான தம்பதி முன்னால் நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். மணி அடித்தேன். அந்த அம்மா திடுக்கிட்டு என் பக்கமே திரும்பினார். ஹேண்டில்பார் அவர் கைப்பையில் மாட்டி இருவருமே தடுமாறினோம். அடி ஒன்றும் இல்லை. ஆனால் அவர் கணவர், "இது நடக்குற இடம், சைக்கிள் ஓட்டணும்னா ரோட்டுக்குப் போ" என்று எல்லார் முன்னாலும் ஒருமையில் கத்திவிட்டார். அன்றிலிருந்து அவரும் அவர் நண்பர்களும் என்னைப் பார்த்தாலே வேண்டுமென்றே வரிசையாக மறித்து நடக்கிறார்கள். வாசல் போர்டில் 'மோட்டார் வாகனங்கள் நுழையக் கூடாது' என்றுதான் எழுதியிருக்கிறது. காலேஜ் பையன்கள் அதே பாதையில் பறக்கிறார்கள், அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. ரோட்டில் ஓட்டலாம் என்றால் தண்ணீர் லாரியை நினைத்தாலே பயம். வீட்டுக்குள்ளேயே ஓட்டும் உடற்பயிற்சி சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்கிறார் என் கணவர். நான் விட்டுவிட வேண்டுமா? மாதத்துக்கு இரண்டு பங்சர் வேறு.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: விட வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இனி எழுதப்போவதில் பாதி உங்களுக்குப் பிடிக்காது.

அந்தப் பெரியவர் உங்களை ஒருமையில் பேசியது தப்பு. அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. பையன்களை விட்டுவிட்டு உங்களைப் பிடித்துக்கொண்டதற்கு நீங்கள் பெண் என்பது காரணமாக இருக்கலாம். நீங்கள் நின்று பதில் சொல்வீர்கள், பையன்கள் நிற்காமல் போய்விடுவார்கள் என்பதும் காரணமாக இருக்கலாம். (உங்கள் கடிதத்தை என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். "ரெண்டும் ஒண்ணுதானே" என்றார்.)

ஆனால் விஷயத்தில் அவர் பக்கம்தான் நியாயம் கூடுதல்.

மணி அடித்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். எவ்வளவு தூரத்தில் அடித்தீர்கள் என்று எழுதவில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கியர் சைக்கிளில் சாதாரணமாகவே 18 கி.மீ. வேகம் வரும். அதாவது நொடிக்கு 5 மீட்டர். பத்து மீட்டர் இருக்கும்போது மணி அடித்தால், முன்னால் நடப்பவருக்குக் கிடைப்பது மூன்று நொடிகூட இல்லை. அதற்குள் அவர் சத்தத்தைக் கேட்டு, அது சைக்கிள்தான் என்று புரிந்து, எந்தப் பக்கம் வருகிறது என்று பார்த்து, ஒரு முடிவெடுத்து, காலை நகர்த்த வேண்டும். அறுபது வயதுக்கு மேல் இது நடக்கிற காரியமா? அதுவும், கழுத்து திரும்பிய பக்கமே காலும் போகும். அந்த அம்மா உங்கள் பக்கம் திரும்பினார் என்கிறீர்களே, உங்களைப் பார்ப்பதற்காகத்தான் திரும்பியிருப்பார். இரண்டு பேராக நடப்பவர்கள் இன்னும் மோசம். ஒருவர் இந்தப் பக்கம், ஒருவர் அந்தப் பக்கம் ஒதுங்குவார்கள். உடனே இருவருக்கும் மனசு மாறி நடுவில் வந்து சேர்ந்துகொள்வார்கள்.

இன்னொன்றும் உண்டு. நம் ஊரில் ஹாரன் என்றால் 'நான் வருகிறேன்' என்று அர்த்தமில்லை, 'நீ நகரு' என்றுதான் அர்த்தம். காலையிலிருந்து ராத்திரி வரை பைக்கும் ஆட்டோவும் முதுகுக்குப் பின்னால் அப்படித்தான் சொல்கின்றன. அதிலிருந்து ஒரு மணி நேரம் தப்பிக்கத்தான் அந்த மனிதர் ஏரிக்கரைக்கு வருகிறார். அங்கேயும் பின்னால் 'ட்ரிங்' என்றால் அவருக்கு எப்படி இருக்கும்? நீங்கள் மரியாதையாகத்தான் அடித்திருப்பீர்கள், அவர் காதில் அது அதட்டலாகத்தான் விழுந்திருக்கும்.

ரோட்டில் தண்ணீர் லாரிக்குப் பயம் என்றீர்கள். எனக்கும்தான். லாரி நம்மை இடிக்க வேண்டாம், ஒட்டிக்கொண்டு போனாலே வயிறு கலங்குகிறது. டிரைவரைக் கேட்டால் 'ஹாரன் அடிச்சேனே' என்பார். ஏரிக்கரையில் நடப்பவர்களுக்கு நீங்கள்தான் அந்தத் தண்ணீர் லாரி.

அப்படியானால் எப்படி ஓட்டுவது? இருபது மீட்டர் இருக்கும்போதே மிதிப்பதை நிறுத்திவிடுங்கள். நிறுத்தினால் பின்சக்கரத்தில் ஃப்ரீவீல் 'டிக்டிக்' என்று சத்தம் போடும். பாதிப் பேர் அதைக் கேட்டே ஒதுங்கிவிடுவார்கள், அதில் யாருக்கும் கோபம் வருவதில்லை. ஒதுங்காவிட்டால் நடை வேகத்துக்கு இறங்கி, வாயால் சொல்லுங்கள்: "சார், வலது பக்கமா வரேன்." சென்னையில் 'சார்', 'அம்மா' இரண்டும் இருந்தால் எந்தக் கூட்டத்துக்குள்ளும் நுழைந்து வெளியே வந்துவிடலாம். தாண்டும்போது ஒரு 'தேங்க்ஸ்'. மணி வளைவுக்கு மட்டும், புதர் மறைக்கும் இடத்துக்கு மட்டும். உங்கள் ஹேண்டில்பார் இரண்டடிக்கு மேல் அகலம் இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். பழைய கறுப்பு சைக்கிள் புகுந்து போன சந்தில் இது புகாது. கைப்பை மாட்டியது அதனால்தான். இரண்டு பக்கமும் ஒரு முழம் இடம் இல்லையென்றால் இறங்கித் தள்ளுங்கள். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை, என் வயதில் தினமும் செய்கிறேன்.

இவ்வளவு உபதேசம் செய்கிற நான் யோக்கியனா என்றால், இல்லை. சில வருஷங்களுக்கு முன் பெசன்ட் நகர் கடற்கரை ஓரம், இன்னும் சரியாக விடியாத நேரம். இடது பக்கம் ஒருவர் கடலைப் பார்த்தபடி நிற்கிறார். வலது பக்கம் ஒரு நாய் விளக்குக் கம்பத்தை மோந்துகொண்டிருக்கிறது. நடுவில் தாராளமாக இடம். மணியை அடித்துவிட்டு நடுவில் விட்டேன். இரண்டுக்கும் நடுவே கறுப்புக் கயிறு ஒன்று இருந்தது. நான் ஒரு பக்கம், சைக்கிள் ஒரு பக்கம், அவர் கையில் பாதிக் கயிறு. முழங்கை தோல் உரிந்து இரண்டு வாரம் தோசை திருப்பவே சிரமமாக இருந்தது. நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. எழுந்ததும் நான் முதலில் சொன்னது என்ன தெரியுமா? "மணி அடிச்சேனே சார்!" அன்றிலிருந்துதான் அந்த வாக்கியத்தின் மேல் எனக்கு மரியாதை போயிற்று. இப்போதெல்லாம் ஒரு பக்கம் நாயைப் பார்த்தால் மறுபக்கம் ஆளைத் தேடுகிறேன்.

மெரினா உட்புறச் சாலையில் காலை ஐந்தரை மணிக்குப் போய்ப் பாருங்கள். வாக்கிங் போகிறவர்கள், ஓடுகிறவர்கள், ஸ்கேட்டிங் பழகும் குழந்தைகள், சைக்கிள், குதிரை எல்லாம் ஒன்றாகப் போகும். கோடு போட்டுப் பிரித்ததால் அல்ல, அந்த நேரத்தில் யாருக்கும் அவசரம் இல்லாததால் அது ஓடுகிறது. (ஓரத்தில் காற்று கொண்டுவந்து கொட்டிய மணல் இருக்கும். அதன்மேல் முன் பிரேக்கைப் பிடித்துவிடாதீர்கள்.) அப்படியே கலங்கரை விளக்கம் தாண்டி லூப் ரோட்டில் இறங்கினால் ஒரு பக்கம் மீன் வியாபாரம். அங்கே மணி அடித்து வழி கேட்க எனக்கு வாய் வராது, கை வராது. அந்தக் குப்பத்து ஜனங்கள் ரோடு வருவதற்கு முன்பிருந்தே அங்கே இருப்பவர்கள். இறங்கித் தள்ளிக்கொண்டு போய், தோன்றினால் கால் கிலோ நெத்திலி வாங்கிக்கொண்டு ஏறிவிடுவேன்.

போர்டு விஷயத்துக்கு வருகிறேன். மோட்டார் வாகனத்துக்குத்தான் தடை, சைக்கிளுக்கு இல்லை என்று நீங்கள் சொல்வது சரிதான். அதைச் சொல்லி வாதாடினால் ஜெயித்தும் விடுவீர்கள், மறுநாளும் அவர்கள் வரிசையாகத்தான் நிற்பார்கள். போர்டில் 'சைக்கிள் மெதுவாக, நடப்பவருக்கு முதலிடம்' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி வார்டு கவுன்சிலரிடம் மனுக் கொடுக்கலாம். சென்னை மாநகராட்சி 2014-லேயே மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று ஒரு கொள்கை வகுத்தது. அதனால் அகலமான நடைபாதைகள் சில இடங்களில் வந்தன, சைக்கிளுக்குத்தான் அவ்வளவாக ஒன்றும் வாய்க்கவில்லை. உங்கள் தாம்பரம் மாநகராட்சியோ 2021-ல் பிறந்தது. கேட்டுப் பாருங்கள், குழந்தை சொன்ன பேச்சைக் கேட்டாலும் கேட்கும். அந்த மனுவில் பெரியவரின் கையெழுத்தையும் வாங்கினால் இன்னும் நல்லது.

அதற்கு முதலில் அவரிடம் பேச வேண்டுமே? ஒரு நாள் சைக்கிளை வாசலிலேயே பூட்டிவிட்டு நடந்து போங்கள். முழங்கால் அனுமதிக்கிற வரைக்கும், அரைச் சுற்று போதும். அந்த அம்மாவிடம் நேராகப் போய், "அன்னிக்குப் பயந்துட்டீங்களா அம்மா, நான் இன்னும் முன்னாடியே நிறுத்தியிருக்கணும்" என்று சொல்லுங்கள். கணவரிடம் அல்ல, அந்த அம்மாவிடம். தடுமாறியது அவர்தான். ஒருமையில் பேசியதைப் பற்றி நீங்களாக எடுக்க வேண்டாம். அந்த அம்மா வீட்டில் எடுத்திருப்பார். முழங்கால் வலி என்று சொல்லுங்கள், அந்த வயதில் அதைவிடச் சுலபமாக ஒட்டிக்கொள்கிற பேச்சு வேறு இல்லை. பத்து நிமிஷத்தில் நாலு எண்ணெய் பெயரும் ஒரு வைத்தியர் விலாசமும் கிடைத்துவிடும். இதற்குப் பிறகும் மறித்தால் இறங்கி, வணக்கம் சொல்லி, தள்ளிக்கொண்டு தாண்டுங்கள். வணக்கம் சொல்கிறவரை எத்தனை நாள் மறிப்பார்கள்? பையன்களைத் திருத்துவது உங்கள் வேலை இல்லை.

ஆனால் உடற்பயிற்சியை ஏரிக்கரையில் செய்யாதீர்கள். கரை என்பது மெதுவாகப் போய் நீர்க்கோழி பார்க்கிற இடம். மூச்சு வாங்க ஓட்ட வேண்டுமானால் தெருதான். ஜி.எஸ்.டி. ரோட்டில் அல்ல, உள்தெருக்களில். நீங்கள் இருக்கும் பக்கத்தில் குடியிருப்புத் தெருக்களைக் கோத்தே நாலைந்து கிலோமீட்டர் சுற்று ஒன்று அமைத்துக்கொள்ளலாம். ஒரு ஞாயிறு மதியம் கணவரோடு ஸ்கூட்டரில் போய் வழி பார்த்து வையுங்கள். ஜூன் தொடக்கத்தில் 5.45-க்கு முன்பே சூரியன் வந்துவிடும், ஜனவரி கடைசியில் ஆறரை தாண்டும். வெளிச்சம் வந்ததும் கிளம்பி, ஸ்கூல் வேன்கள் கிளம்புவதற்குள் வீட்டுக்கு வந்துவிடுங்கள். சுவரோரம் ஒட்டாமல், நிற்கும் கார்களிடமிருந்து ஒரு கதவு அகலம் தள்ளியே ஓட்டுங்கள். தெரு நாய் துரத்தினால் வேகமெடுக்காமல் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடங்கள். ஓடுகிற சக்கரம்தான் அதற்குக் கோபம், நின்ற சக்கரத்தில் அதற்கு சுவாரசியம் போய்விடும். மழைக்காலத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, தேங்கிய தண்ணீருக்குள் மட்டும் விடாதீர்கள். கீழே பள்ளமா, திறந்த வடிகாலா என்று யாருக்குத் தெரியும்?

முழங்காலுக்காக ஓட்டுகிறீர்கள் என்பதால் ஒன்று கேட்கிறேன்: சீட் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது? இரண்டு காலும் தரையில் பாவ வேண்டும் என்று பலர் சீட்டைத் தாழ்த்தி வைத்துக்கொள்கிறார்கள். பயத்துக்கு அது நல்லது, முழங்காலுக்குக் கெடுதல். பெடல் கீழே இருக்கும்போது கால் கிட்டத்தட்ட நீண்டு, கொஞ்சம் மட்டும் மடங்கியிருக்க வேண்டும். ஒரே நாளில் ஏற்ற வேண்டாம், வாரத்துக்கு ஒரு விரல் உயர்த்துங்கள். கனமான கியரில் அழுத்தி மிதிக்காமல், லேசான கியரில் வேகமாகச் சுற்றுங்கள். இவ்வளவுக்கும் வலி கூடினால் டாக்டரிடம் திரும்பப் போய்விடுங்கள்.

கணவர் வாங்கித் தருவதாகச் சொல்லும் உடற்பயிற்சி சைக்கிளைப் பற்றி: எங்கள் வீட்டில் ஒன்று இருக்கிறது. துண்டு சீக்கிரம் காய்கிறது.

கடைசியாக, பங்சர். ஏரிக்கரை என்றால் சீமைக் கருவேலம், சீமைக் கருவேலம் என்றால் முள். வெட்டிப்போட்ட கிளைகள் கிடக்கும் பக்கத்தில் ஓட்டாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் டயரைச் சுற்றிவிட்டு ஒரு தடவை கண்ணால் பாருங்கள். முள் ஏறியிருப்பது தெரிந்தால் அங்கேயே பிடுங்க வேண்டாம், அடைப்பாக இருந்து காற்றைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருக்கும். அப்படியே கடைக்குத் தள்ளிக்கொண்டு போங்கள். ஒட்டுப் போட்ட பிறகு டயரின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். முனை ஒடிந்து உள்ளேயே நின்றிருக்கும். உங்கள் மாதத்து இரண்டாவது பங்சருக்கு அநேகமாக முதல் முள்ளே காரணம்.