ரத்தப் பரிசோதனை ஆயுளைச் சொல்லுமா?

கேள்வி: செம்பூரில் இருக்கிறோம். அப்பாவுக்கு வயது 61. இரைப்பைப் புற்றுநோய் கல்லீரலுக்கும் பரவிவிட்டது என்று சொல்லி கீமோ தொடங்கினார்கள். வார்டில் பக்கத்துப் படுக்கையில் இருந்த திருநெல்வேலிக்காரருக்கும் இதே நிலை, இதே மருந்து. அவர் இன்று தாராவியில் தம் கடையில் வந்து உட்காருகிறார். அப்பாவுக்கோ இரண்டாவது சுற்றிலேயே வாயெல்லாம் புண்ணாகி, ஆற்றிய கஞ்சியைக்கூட விழுங்க முடியவில்லை. எல்லாம் பரம்பரை உடல்வாகு என்கிறார் அத்தை. மரபணுவைப் பார்த்தால் அப்பா எத்தனை காலம் இருப்பார் என்று தெரிந்துவிடும் என்று ஓர் ஆய்வகத்திலிருந்து வந்தவர் பெருந்தொகை கேட்கிறார். கொடுக்கலாமா, டாக்டர்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மும்பை

பதில்: ஆயுளைத் தெரிந்துகொள்வதற்காக என்றால் கொடுக்க வேண்டாம். ஆனால் உங்கள் அத்தை சொன்னதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதி அப்பாவுக்கு இப்போதே உதவக்கூடியது.

நம் மரபணுத் தொகுதியில் சுமார் 300 கோடி எழுத்துகள் இருக்கின்றன. ஒருவருக்கும் மற்றவருக்கும் இடையே ஏறத்தாழ ஆயிரத்தில் ஓர் எழுத்து மாறுபடும். கீமோ மருந்தை உடல் சிதைக்கும் விதத்தையும், மருந்தால் சேதமான மரபுப்பொருளைச் செல்கள் பழுதுபார்க்கும் விதத்தையும் இந்த மாறுபாடுகள் பாதிக்கலாம் என்பதால், முற்றிய இரைப்பைப் புற்றுநோயில் யார் அதிக நாள் வாழ்கிறார்கள் என்பதற்கான விடையை இஆர்சிசி1, ஜிஎஸ்டிபி1, டிஒய்எம்எஸ் போன்ற மரபணுக்களில் பல நாட்டு ஆய்வாளர்கள் தேடியிருக்கிறார்கள். ஓரிடத்தில் நல்ல அறிகுறியாகத் தெரிந்த மாறுபாடு இன்னோரிடத்தில் அப்படித் தெரியவில்லை. நூறு, இருநூறு நோயாளிகளை வைத்துக்கொண்டு பல மாறுபாடுகளைச் சோதித்தால் ஒன்றிரண்டு தற்செயலாகவே பொருந்திவிடும். மருந்துக் கூட்டும் மக்களினமும் மாறினால் முடிவும் மாறும். ஆகவே ஒரு தனி மனிதரின் நாள்கணக்கைச் சொல்ல அந்த அறிக்கையால் முடியாது. சொல்ல முடியும் என்று வீடு தேடி வருபவர் உங்கள் பயத்தை விலைபேசுகிறார் என்றே நான் கருதுகிறேன்.

இப்போது வாய்ப்புண்ணுக்கு வருவோம். இந்த நோய்க்குப் பெரும்பாலும் தரப்படும் ஃபைவ் எஃப்யூ ஊசியையும், உடலுக்குள் போய் அதே மருந்தாக மாறும் கேப்சிடாபைன் மாத்திரையையும் கல்லீரலில் உள்ள டிபிடி என்ற நொதிதான் சிதைக்கிறது. உடலில் சேரும் ஃபைவ் எஃப்யூவில் 80 விழுக்காட்டுக்கு மேல் இப்படித்தான் கழிகிறது. அந்த நொதிக்கான டிபிஒய்டி மரபணுவில் பெற்றோர் வழியாக வந்த குறை இருந்தால் மருந்து உடலில் தேங்கிவிடும். அப்போது வழக்கமான அளவே அளவு மீறியதாகி, வாய்ப்புண், கடும் வயிற்றுப்போக்கு, வெள்ளணுக்கள் சரிவு என்று உயிருக்கே ஆபத்தாக முடியலாம். ஐரோப்பிய மருந்து முகமை 2020-இல் இந்த மருந்துகளைத் தொடங்குமுன் இதைச் சோதிக்கப் பரிந்துரைத்தது. அப்பாவுக்குக் கொடுப்பது இந்த மருந்துதானா என்று கேளுங்கள். ஆம் என்றால், புண் எந்த நாளில் வந்தது, எத்தனை முறை வயிற்றுப்போக்கு ஆயிற்று என்று தேதியோடு எழுதிக்கொண்டு, மூன்றாவது சுற்றுக்கு முன்பே புற்றுநோய் மருத்துவரிடம் காட்டி, டிபிஒய்டி சோதனை வேண்டுமா என்று கேளுங்கள். பகுதிக் குறைதான் என்றால் அளவைப் பாதியாகக் குறைத்துத் தொடர வழி உண்டு. வழக்கமாகப் பார்க்கும் நான்கு மாறுபாடுகளும் பெரும்பாலும் ஐரோப்பியரிடம் கண்டறியப்பட்டவை. அதனால் நம்மவருக்குச் சோதனை ‘சரி’ என்று வந்தாலும் புண்ணை அலட்சியம் செய்யக்கூடாது.

ஆயுளை நீட்டிக்க உதவும் தகவல் பெரும்பாலும் பயாப்சியில் எடுத்த கட்டித் துணுக்கில் இருக்கிறது. ஹெர்2 என்பது செல்லை வளரத் தூண்டும் ஒரு புரதம். அது மிகுவது பரம்பரையாக வருவதன்று, கட்டியில் உருவாகும் மாற்றம். அது மிகுந்திருந்தவர்களுக்குக் கீமோவுடன் அந்தப் புரதத்தைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் மருந்தைச் சேர்த்துக் கொடுத்தபோது பாதிப் பேராவது உயிரோடிருந்த காலம் 11.1 மாதத்திலிருந்து 13.8 மாதமாக உயர்ந்ததை 2010-இல் வெளியான டோகா ஆய்வு காட்டியது. ஹெர்2-உடன், நோயெதிர்ப்பு மருந்து பலன் தருமா என்று கணிக்க உதவும் எம்எஸ்ஐ, பிடிஎல்1 என்ற கட்டிச் சோதனைகளும் ஆக மூன்றும் பார்க்கப்பட்டனவா என்று கேளுங்கள். ஆய்வகத்துக்காரருக்குக் கொடுக்க நினைத்த பணம் இதற்கும், அப்பாவின் எடை குறையாமல் காக்கும் உணவுக்கும் போகட்டும். பக்கத்துப் படுக்கைக்காரரோடு அவரை ஒப்பிட்டு உங்களை வருத்திக்கொள்ளாதீர்கள். நோய் பரவிய அளவும், தொடக்கத்திலேயே உடலில் இருந்த தெம்பும் இருவருக்கும் ஒன்றாக இருந்திருக்க வேண்டியதில்லை.

கேள்வி: பெரியம்மா (அம்மாவின் அக்கா) 43 வயதில் இரைப்பைப் புற்றுநோயால் இறந்தார். எனக்கும் தங்கைக்கும் வருமா?
– வாசகர், மாட்டுங்கா

பதில்: இந்த நோயில் தெளிவாகப் பரம்பரையாக வருவது 1 முதல் 3 விழுக்காடுதான். ஆனாலும் 50 வயதுக்கு முன் வந்தது என்பதால் கேட்டது நல்லது. சிடிஎச்1 என்ற மரபணுவின் குறை இதற்கு ஒரு முக்கியக் காரணம் என்பது 1998-இல் நியூசிலாந்தின் மாவோரி குடும்பம் ஒன்றில் கண்டறியப்பட்டது. அந்தக் குறை உள்ளவரின் ஒவ்வொரு குழந்தைக்கும் அது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. இதில் வருவது ஒரே கட்டியாகத் திரளாமல் இரைப்பைச் சுவரில் பரவலாக ஊடுருவும் ‘டிஃப்யூஸ்’ வகை. உங்கள் வீட்டில் முதலில் சோதிக்க வேண்டியவர் அம்மா. பெரியம்மாவிடம் இருந்த குறை இன்னதென்று தெரிந்து, அது அம்மாவிடம் இல்லை என்றால், அந்த வழியில் உங்கள் இருவருக்கும் வராது. மரபணு ஆலோசகரிடம் போகுமுன் பெரியம்மா சிகிச்சை பெற்ற மருத்துவமனையில் பழைய பயாப்சி அறிக்கையையும், திசுவைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியையும் எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள்.