நில உச்சவரம்புச் சட்டம் தோற்றுப்போனதுதானே? நிலச் சீர்திருத்தத்தால் கிராமத்து ஏழைக்கு என்னதான் கிடைத்தது?

உச்சவரம்பைப் பற்றி நீங்கள் கேட்பது பெருமளவு சரி. தமிழ்நாட்டில் 1961-இல் வந்த சட்டம் ஐந்து பேர் குடும்பம் அதிகபட்சம் 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் (மண்ணின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்) வைத்திருக்கலாம் என்றது. 1970-இல் அது 15 ஆனது. அதற்குள் எங்கள் பக்கத்துப் பண்ணைகளில் நிலம் மாமன் பேர், மச்சான் பேர், கோயில் கட்டளை, வேலையாள் பேர் என்று பிரிந்து போய்விட்டது. உபரி என்று வெளியே வந்தது கொஞ்சம்தான்.

அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லிவிடாதீர்கள். என் குடும்பத்துக்கு வாழ்வு கொடுத்தது வேறொரு சட்டம், அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. மிராசுதார், அதாவது பெரிய நிலக்காரர், நிலத்தில் குடிசை போட்டிருந்த விவசாயக் கூலிக்கு அந்த மனையையே சொந்தமாக்கிய, 1971-ஆம் ஆண்டின் குடியிருப்புச் சட்டம்.

நான் திருவாரூர் பக்கம். தாத்தா பண்ணையாள், ஒரே பண்ணையோடு கட்டுண்ட வேலையாள். அவருடைய குடிசை நின்ற மண்ணும் பண்ணையுடையது. கூலி கூடக் கேட்டால் வேலை போவதற்கு முன்னால் வீடு போகும். ஒரு அறுவடைத் தகராறில் பக்கத்து வீட்டுக் கூரையைப் பிரித்துப் போட்டு, சட்டி பானையைத் தூக்கி வாய்க்கால் கரையில் வைத்துவிட்டுப் போனார்களாம். அப்பாயி இதைச் சொல்லும்போது இன்றைக்கும் குரல் இறங்கிவிடும். 1952-லேயே தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் இருந்தது. அதிலிருந்து தப்பப் பல மிராசுகள் பண்ணையாளை நிறுத்திவிட்டுத் தினக்கூலிக்கு மாறிக்கொண்டார்கள். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசையோடு எரித்ததன் பின்னணியிலும் கூலித் தகராறுதான் இருந்தது.

பட்டா கைக்கு வந்ததும் அப்பாயி செய்த முதல் வேலை, கொல்லையில் ஒரு முருங்கைப் போத்து ஊன்றியது. அதற்கு முன் இரண்டு தடவை ஊன்றியிருக்கிறார். "மரம் வெச்சா நாளைக்கு பாத்தியதை கேப்பே" என்று பண்ணைக் காரியக்காரர் இரண்டு தடவையும் பிடுங்கி எறிந்தாராம். மூன்றாவது போத்து துளிர்த்தது. பிறகு இரண்டு ஆடு, பிறகு மண்சுவர். தாத்தா வேறு மிராசுதாரிடமும் வேலைக்குப் போக ஆரம்பித்தார். எங்கே கூலி கூடுதலோ அங்கே போக முடிந்தது, ஏனென்றால் திரும்பி வர ஒரு வீடு இருந்தது. சில சென்ட் மனைதான். அதில் நெல் விளையாது. ஆனால் கூலி பேசும்போது நிமிர்ந்து நிற்க அது போதும்.

இதே மாதிரி, கேரளத்தில் 1970-இல் நடைமுறைக்கு வந்த சட்டம் குடிகிடப்புக்காரர்களுக்கு, அதாவது பிறர் நிலத்தில் குடிசை போட்டிருந்தவர்களுக்கு, பஞ்சாயத்துப் பகுதியில் 10 சென்ட் வரை தந்தது. மேற்கு வங்கத்தில் 1978-இல் தொடங்கிய 'ஆபரேஷன் பர்கா' நிலத்தைக் கைமாற்றவே இல்லை. அதிகாரிகள் சாயங்காலம் ஊருக்குள் போய், வேலை முடிந்து வந்த வாரக்காரர்களை (விளைச்சலில் பங்கு கொடுத்துப் பிறர் நிலத்தில் பயிர் செய்பவர்களை) உட்கார வைத்துப் பெயரைப் பதிந்தார்கள். சுமார் 14 லட்சம் பேர். பெயர் ஏறிவிட்டால் நினைத்த நேரத்தில் வெளியேற்ற முடியாது, அறுவடையில் பங்கும் சட்டப்படி. அந்த உறுதி இருந்தால்தான் ஒருவன் வயலுக்கு எரு அடிப்பான், வரப்பைக் கட்டுவான்.

நம்மிடமும் 1969-இல் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் வந்தது. ஆனால் சாயங்காலம் ஊருக்கு வந்து உட்கார்ந்து எழுதியவர்கள் எங்கள் ஊரில் யாரும் இல்லை. குத்தகைக்காரர்தான் அலுவலகத்துக்குப் போக வேண்டும். அங்கே போன சேதி அன்றைக்கே நிலக்காரர் காதுக்குப் போய்விடும்.

என் அப்பா இருபது வருஷமாகப் பத்து மா (சுமார் மூன்று ஏக்கர்) வாய்மொழிக் குத்தகையில் பயிர் செய்கிறார். போன தடவை சம்பா மூழ்கியபோது அழுகிய நாற்றைக் கையில் அள்ளிக் காட்டியவர் அவர். நிவாரணப் பணம் ஏறியது நிலக்காரர் கணக்கில். "பதிஞ்சு வெச்சுக்கலாமேப்பா" என்று கேட்டேன். "பதிஞ்சா வர்ற வருஷம் நெலம் இருக்காதுடா" என்றார். மனைப் பட்டாவை இன்னும் அப்பாயியின் தகரப் பெட்டியில்தான் வைத்திருக்கிறோம். வயலுக்கு அப்படி ஒரு காகிதம் எங்களிடம் இல்லை.