அவசரப் பிரிவில் நர்ஸ் "வலி பத்துக்கு எவ்வளவு?" என்று ஏன் திரும்பத் திரும்பக் கேட்கிறார்?

வலியே இல்லை என்றால் 0, இதற்கு மேல் தாங்கவே முடியாது என்றால் 10. நோயாளி சொல்லும் இந்த எண்தான் வலி மதிப்பெண். 1–3 லேசு, 4–6 நடுத்தரம், 7-லிருந்து கடுமை. காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் இருப்பதுபோல வலிக்குக் கருவி இல்லை, கேட்டுத்தான் ஆகவேண்டும். பேச்சு வராத குழந்தை என்றால் முகம், கால் உதைப்பு, அழுகையை வைத்து எண் போடுவார்கள்.

மறுபடி கேட்பது மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க. டிரிப்ஸில் 1 கிராம் பாராசிட்டமால் ஏறவே 15 நிமிடம் ஆகும். ரத்தக்குழாயில் போடும் 'மார்பின்' என்ற வலுவான வலி மருந்து முழு வேகத்துக்கு வரச் சுமார் 20 நிமிடம். மாத்திரைக்கு அரை மணிக்கு மேல். குழம்புக்கு உப்பு போடுவது போலத்தான்: கொஞ்சம் போட்டு, கொதிக்கவிட்டு, ருசி பார்த்து, பிறகு மேலும் கொஞ்சம். மார்பின் கூடிப்போனால் நோயாளி மயங்கித் தூங்குவார், மூச்சு குறையும். அதனால் அடுத்த டோஸுக்கு முன் மூச்சை எண்ணுவார்கள்.

கூட்ட நேரத்தில் தவறிப்போவது பெரும்பாலும் இந்த இரண்டாவது கேள்விதான். ஊசி போட்ட கையோடு அடுத்த ஆம்புலன்ஸ் வந்துவிடும். அரை மணியில் யாரும் வரவில்லை என்றால் நீங்களே கூப்பிட்டுச் சொல்லுங்கள். அது தொந்தரவு அல்ல. எலும்பு முறிவுக்கு, மருந்து வரும் முன்பே சிம்பு (தாங்கு பலகை) கட்டி அசையாமல் வைத்தாலே வலி நன்றாகக் குறையும்.

"டாக்டர் பார்க்கும்வரை வயிற்றுவலிக்கு ஊசி கூடாது, நோய் மறைந்துவிடும்" என்பது பழைய நம்பிக்கை. வலி தணிந்தவர் வயிற்றை இறுக்காமல் படுப்பதால் அழுத்திப் பார்ப்பது எளிதாகவே இருக்கும்.