அட்டவணை, படம், முடிவு: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: அக்கா, எக்செல்லிலேயே எல்லா எண்ணும் இருக்கிறதே. படமாகப் போட்டால் புதிதாக என்ன தெரியும்?

பதில்: 1973-ல் ஆன்ஸ்கோம்ப் என்ற புள்ளியியலாளர் நான்கு சின்ன அட்டவணைகளைக் கொடுத்தார். ஒவ்வொன்றிலும் பதினோரு ஜோடி எண்கள். நான்கு அட்டவணைகளுக்கும் சராசரி, பரவல் எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றேதான். வரைந்து பார்த்தால் ஒன்று சாய்வாக ஏறுகிறது, இன்னொன்று வில்லாக வளைகிறது. மற்ற இரண்டிலும் ஒற்றைப் புள்ளி மொத்தக் கணக்கையும் தன் பக்கம் இழுக்கிறது. நீங்களே ஒரு தடவை வரைந்து பாருங்கள், அப்புறம் சராசரியை மட்டும் நம்ப மனம் வராது.

கேள்வி: சரியாக வரையாததால் பெரிய முடிவு ஏதாவது தவறியிருக்கிறதா?

பதில்: சேலஞ்சர் விண்கலம். 1986 ஜனவரி 27 இரவு, குளிரில் பூஸ்டரின் (விண்கலத்தை மேலே உந்தும் ராக்கெட்டின்) மூட்டை அடைக்கும் ரப்பர் வளையம் விறைத்துவிடும், நாளைக்கு ஏவ வேண்டாம் என்று பொறியாளர்கள் மன்றாடினார்கள். ஆனால் கையிலிருந்த தாள்களில் வளையம் சேதமான பயணங்கள்தான் இருந்தன. அவற்றில் குளிர்நாளும் உண்டு, வெயில் நாளும் உண்டு. குளிர்தான் காரணம் என்று காட்ட முடியவில்லை. சேதமே இல்லாத பயணங்களையும் விசாரணைக் குழு பிறகு சேர்த்துப் பார்த்தது. 66 டிகிரி ஃபாரன்ஹீட்டும் (சுமார் 19 செல்சியஸ்) அதற்கு மேலும் 20 பயணங்கள், 3-ல் சேதம். 63-ம் அதற்குக் கீழும் 4 பயணங்கள், நான்கிலும் சேதம். ஆனாலும் ஏவினார்கள். அந்தக் காலையில் 36 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 2 செல்சியஸ். விண்கலம் வானிலேயே சிதறி ஏழு உயிர்கள் போயின. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துவிடும். முந்தைய பயணங்களின் எண்கள் எல்லாம் அன்றிரவே இருந்தவை.

கேள்வி: புயல் வரைபடத்தில் எங்கள் ஊர் கூம்புக்கு வெளியே இருந்தால் பயமில்லைதானே?

பதில்: அப்படி இருந்துவிடாதீர்கள். கூம்பு காட்டுவது புயலின் மையம் போகக்கூடிய வழியை. புயலின் அகலத்தை அல்ல. அமெரிக்க தேசிய சூறாவளி மையத்தின் கூம்பில்கூட மையம் உள்ளேயே இருப்பது மூன்றுக்கு இரண்டு தடவைதான். மழையும் காற்றும் வெளியிலும் அடிக்கும்.

கேள்வி: ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். தீபாவளிக் கொள்முதலுக்கு, எண்களைப் படமாக்கும் மென்பொருளில் பவர் பிஐ நல்லதா, டேப்லோவா?

பதில்: எது கைக்கு வருகிறதோ அது. இரண்டிலும் பில் போட்டதுதான் திரைக்கு வரும். "மாம்பழ மஞ்சளில் இல்லையா?" என்று கேட்டுவிட்டுப் படியிறங்கியவர் எந்தப் பில்லிலும் இல்லை. கல்லா பக்கத்தில் ஒரு நோட்டு வைத்து, இல்லை என்று திருப்பி அனுப்பியதை ஒரு மாதம் எழுதுங்கள். விற்றதற்குப் பக்கத்திலேயே அதையும் வேறு நிறத்தில் வரைந்துவிட்டு, பிறகு ஆர்டர் கொடுங்கள்.