பழுது எங்கே என்று முதலில் கேளுங்கள்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பல, செவிலியர் படிப்பு, இயன்முறை மருத்துவம் போன்ற உடல்நலப் படிப்புகளின் தேர்வுக்குத் தயாராகும் வாசகர்களுடையவை. எல்லாமே நரம்பு மண்டலப் பாடத்தைத் தொட்டவை என்பதால் இம்முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: அம்மா, நான் செவிலியர் படிப்பில் மூன்றாம் ஆண்டு மாணவி. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், கில்லன் பாரே, மயஸ்தீனியா கிராவிஸ் மூன்றின் அறிகுறிகளையும் தனித்தனியே மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனால் வினாத்தாளில் ஒரு நோயாளியின் நிலையை விவரித்து, இது எந்த நோய் என்று கேட்டால் எல்லாம் கலந்துவிடுகின்றன. மூன்றிலும் தசை பலவீனம் என்றுதானே வருகிறது? எந்த வரிசையில் படித்தால் இந்தக் குழப்பம் தீரும்?

பதில்: நோயின் பெயரிலிருந்து தொடங்கியதால்தான் குழப்பம் வந்திருக்கிறது. நானும் மாணவியாக இருந்தபோது அப்படியே படித்தேன். தேர்வு முடிந்த மறுவாரமே எல்லாம் மறந்துபோனது. நரம்பியலில் முதல் கேள்வி ‘இது என்ன நோய்’ என்பதன்று, ‘பழுது எங்கே இருக்கிறது’ என்பதுதான். அதற்கு விடை கிடைத்தபின் நோயின் பெயரைத் தேடுவது எளிது.

ஒரு வெள்ளைத் தாளில், கால் விரலை அசைக்கச் சொல்லும் கட்டளை போகும் வழியை வரைந்துகொள்ளுங்கள். அது பெருமூளைப் புறணியில் புறப்பட்டு, முகுளத்தில் பெரும்பாலும் எதிர்ப்பக்கத்துக்குக் கடந்து, தண்டுவடத்தின் முன்கொம்பு (இயக்க நரம்பு செல்கள் இருக்கும் முன்பகுதி) வரை இறங்குகிறது. அதுவரை உள்ளது மேல் இயக்க நியூரான், அதாவது நரம்பு செல். முன்கொம்பிலிருந்து தசை வரை செல்வது கீழ் இயக்க நியூரான். நரம்பு முடிந்து தசை தொடங்கும் இடத்தில் ஒரு சிறு இடைவெளி உண்டு. அதை அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருள் கடக்கிறது. அதற்கு அப்பால் தசை.

மேல் நியூரான் பழுதானால் தசை விறைக்கும், அனிச்சைத் துள்ளல் (தசைநாணைத் தட்டினால் தசை தானே துள்ளுவது) கூடும், உள்ளங்காலைக் கீறினால் பெருவிரல் மேல்நோக்கி எழும். 1896இல் பாபின்ஸ்கி விவரித்த குறி இது. இன்னும் நடக்கப் பழகாத குழந்தைக்கு இது இயல்பானது என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். கீழ் நியூரான் பழுதானால் தசை தொய்யும், துள்ளல் குறையும் அல்லது மறையும், நாளடைவில் தசை மெலியும். ஓர் எச்சரிக்கை: பக்கவாதமும் தண்டுவடக் காயமும் ஏற்பட்ட தொடக்க நாட்களில், மேல் நியூரான் பழுதாக இருந்தும் உறுப்பு தொய்ந்தே காணப்படலாம், விறைப்பு பிறகுதான் வரும்.

இனி நீங்கள் கேட்ட மூன்று நோய்களை அந்தப் படத்தின் மேல் பொருத்துங்கள். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸில் சிதைவது மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பு இழைகளைச் சுற்றியுள்ள மயலின் என்னும் கொழுப்பு உறை. ஆகவே மேல் நியூரான் குறிகள் தெரியும். ஒரு முறை பார்வை மங்கும், சில மாதங்கள் கழித்து ஒரு கால் தளரும் என்று இடமும் காலமும் மாறிமாறி வரும். கில்லன் பாரேயில் பெரும்பாலும் சிதைவது மூளைக்கும் தண்டுவடத்துக்கும் வெளியே உள்ள நரம்புகளின் மயலின். ஆகவே துள்ளல் மறையும். பெரும்பாலும் ஒரு தொற்றுக்குச் சில நாட்கள் அல்லது வாரங்கள் கழித்து, பலவீனம் கால்களில் தொடங்கி மேல்நோக்கி ஏறும். ஏறும் பலவீனம் மூச்சுத் தசைகளை எட்டுவதுதான் இதன் பேராபத்து என்பதால், செவிலியர் முதலில் எதைக் கவனிக்க வேண்டும் என்ற வினாவுக்கு விடை சுவாசமே. மயஸ்தீனியாவில் நரம்பு நலமாக இருக்கிறது. தசையின் மேலுள்ள அசிட்டைல்கோலின் ஏற்பிகளைத்தான் உடலின் எதிர்ப்பொருட்கள் தாக்குகின்றன. எனவே உணர்ச்சி குறையாது, துள்ளல் பொதுவாக மாறாது, பயன்படுத்தப் பயன்படுத்தத் தசை களைக்கும், ஓய்வெடுத்தால் தேறும். காலையில் விரிந்திருந்த இமை மாலையில் சரிவது இதனால்தான். விழுங்குவதற்குத் தசைக்கு வலு வேண்டும் என்பதால்தான் பிரிடோஸ்டிக்மின் மாத்திரையை உணவுக்குச் சற்று முன்பே கொடுக்கிறார்கள். காரணம் புரிந்தால் நேரம் தானே நினைவில் நிற்கும்.

கேள்வி: முகம் ஒரு பக்கம் கோணியிருக்கும் நோயாளிக்கு வந்திருப்பது பக்கவாதமா, பெல் முகவாதமா என்று பிரிக்க நெற்றியைப் பார்க்கச் சொல்கிறார்கள். பெரிய பாதிப்பான பக்கவாதத்தில் நெற்றி தப்பி, சிறிய பாதிப்பான முகவாதத்தில் நெற்றி செயலிழப்பது எப்படி?

பதில்: கேட்க வேண்டிய கேள்வி, இதை விதியாக மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் தேர்வு அறையின் பதற்றத்தில் தலைகீழாக எழுதிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். முகத்தின் மேற்பகுதித் தசைகளுக்கு மூளையின் இரு அரைக்கோளங்களிலிருந்தும் கட்டளை வருகிறது. கீழ்ப்பகுதிக்கோ பெரும்பாலும் எதிர்ப்பக்க அரைக்கோளத்திலிருந்து மட்டுமே வருகிறது. பக்கவாதத்தில் ஓர் அரைக்கோளம் செயலிழந்தாலும் மற்றொன்று நெற்றியைக் காப்பாற்றுகிறது. முகவாதத்தில் பழுதாவது ஏழாம் கபால நரம்பு. இரு அரைக்கோளங்களின் கட்டளையும் கடைசியில் அந்த ஒரே நரம்பு வழியாகத்தான் அந்தப் பக்கத்து முகத்தை அடைய வேண்டும். அது அறுபட்டால் நெற்றியும் சுருங்காது, கண்ணும் மூடாது. மூடாத கண் உலர்ந்து கருவிழி புண்படும் என்பதால் கண் பராமரிப்பு இங்கே முதன்மையான பணி.

நெற்றி சுருங்கி, வாய் மட்டும் கோணியிருந்தால் கடிகாரத்தைப் பாருங்கள். நோயாளி கடைசியாக நலமாக இருந்த நேரம் என்ன என்பதே முதலில் கேட்க வேண்டியது. ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்துக்குப் பொதுவாக 4.5 மணி நேர வரம்பு உண்டு. அதற்கு முன்பே சி.டி. ஸ்கேன் எடுத்து மூளையில் ரத்தக் கசிவு இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். கசிவு உள்ளவருக்கு அந்தக் கரைக்கும் மருந்தைக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. விழுங்கும் திறனைச் சோதிக்கும்வரை வாய்வழியாக எதுவும் தரக்கூடாது.

கேள்வி: கழுத்து முள்ளெலும்புகள் 7தான். கழுத்துத் தண்டுவட நரம்புகள் மட்டும் எப்படி 8 இணைகள் ஆயின?

பதில்: முதல் நரம்பு முதல் முள்ளெலும்புக்கு மேலே வெளிவருகிறது, எட்டாவது, ஏழாம் எலும்புக்குக் கீழே வெளிவருகிறது. அதன்பின் எல்லா நரம்பும் தன் எண்ணுள்ள எலும்புக்குக் கீழேதான். கழுத்தில் 8, மார்பில் 12, இடுப்பில் 5, திருவெலும்பில் 5, வால் எலும்பில் 1, மொத்தம் 31 இணைகள்.

கேள்வி: நோயாளியின் உணர்வுநிலையை அளக்கும் கிளாஸ்கோ கோமா அளவுகோலின் எண்கள் மனத்தில் நிற்பதில்லை. மேலும், நான்கு நோயாளிகளில் யாரை முதலில் பார்ப்பீர்கள் என்ற வினாவில் மதிப்பெண் மிகக் குறைந்தவரையே தேர்ந்தெடுக்கிறேன். அது தவறு என்கிறார்கள். ஏன்?

பதில்: அதிகபட்சமாகக் கண் திறத்தலுக்கு 4, பேச்சுக்கு 5, இயக்கத்துக்கு 6. கண், வாய், கை என்று மேலிருந்து கீழே வந்தால் எண்கள் ஒவ்வொன்றாக ஏறும். எதிலும் பூச்சியம் கிடையாது. ஆகவே மிகக் குறைந்த மதிப்பு 3, மிக உயர்ந்தது 15. 1974இல் வெளியான இந்த அளவுகோல், ஒரே நோயாளியை வெவ்வேறு வேளைகளில் வெவ்வேறு பணியாளர்கள் பார்த்தாலும் ஒரே மொழியில் பதிவு செய்வதற்குப் பயன்படுகிறது. உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடையும் அதில்தான் இருக்கிறது. நேற்றிலிருந்து மாறாமல் 9இல் இருப்பவரைவிட, ஒரு மணி நேரத்துக்கு முன் 15 ஆக இருந்து இப்போது 13 ஆகியிருப்பவர் அவசரமானவர். அவருடைய மண்டைக்குள் ஏதோ இப்போது நடந்துகொண்டிருக்கிறது. மதிப்பு 8 அல்லது அதற்குக் கீழே போனால் மூச்சுப்பாதையைக் காக்கும் ஏற்பாடு உடனே வேண்டும் என்பதும் உண்மைதான். ஆனால் வினாவில் அந்த ஏற்பாடு செய்யப்பட்டுவிட்டதா என்பதையும் படித்துப் பாருங்கள்.

மண்டைக்குள் அழுத்தம் மிகும்போது ரத்த அழுத்தம் ஏறும், நாடி தளரும், மூச்சு சீர்கெடும். ரத்த இழப்பால் வரும் அதிர்ச்சியில் இதற்கு நேர்மாறாக ரத்த அழுத்தம் இறங்கி நாடி விரையும். இரண்டையும் ஒரே தாளில் அடுத்தடுத்து எழுதிவைத்துப் படியுங்கள். ஆனால் முதலில் மாறுவது இந்த எண்கள் அல்ல, உணர்வுநிலைதான்: காலையில் தெளிவாகப் பேசியவர் மதியம் அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டால், நாடி தளரும்வரை காத்திராமல் அப்போதே மருத்துவரை அழைக்க வேண்டும்.